கேமிங் மானிட்டர்: பெட்டியில் உள்ள எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள்



240 ஹெர்ட்ஸ் கேமிங் மானிட்டர்தான் வேண்டும், தவணையில் வாங்கலாம் என்று உங்கள் பிள்ளைகள் அடம்பிடிக்கலாம். கைக்காசு குறைவென்றால் 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் போதும் என்பது என் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு விநாடியில் படத்தை எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதுதான். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. 144இல் 6.9. மிச்சம் ஏறக்குறைய 10. அங்கிருந்து 240க்குப் போனால் 4.2. மிச்சம் 3கூட இல்லை! முதல் மாற்றம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது, போட்டிகளில் ஆடுபவர்களுக்கு உதவலாம். மற்றவர்களுக்கு அவ்வளவு தெரியாது.

அதைவிட முக்கியம் கிராபிக்ஸ் கார்டு. அது விநாடிக்கு 70 படம்தான் தருமென்றால், 240 ஹெர்ட்ஸ் திரையும் 70 புதுப் படம்தான் காட்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது, எவ்வளவு பெரிய காராக இருந்தாலும் முன்னால் போகும் லாரியின் வேகம்தானே நமக்கும்?

ஆகவே முதலில் கம்ப்யூட்டர் எத்தனை படம் தருகிறது என்று பாருங்கள். பிறகு திரையைத் தேர்ந்தெடுங்கள். 24 அங்குலம், ஃபுல் ஹெச்.டி., ஐ.பி.எஸ். பேனல் இருந்தால் படிப்புக்கும் ஆகும். வாங்கியதும் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் 144 என்று மாற்ற மறக்காதீர்கள். பல நேரம் 60இலேயே கிடக்கும்.

பிள்ளை ஆசைப்படுவதில் தப்பில்லை. அப்பா சம்பளத்தில் மாதாமாதம் தவணை கட்டி, கண்ணுக்கே தெரியாத 3 மில்லி விநாடியை வாங்குவதுதான் வேண்டாம்.