இழப்பீடு வருமானமல்ல

விபத்தொன்றில் காலை இழந்த ஒருவருக்கு நீதிமன்றம் நட்டஈடு வழங்குகின்றது. அவரது இயலாமையைக் கருத்திற்கொண்டு அரசாங்கமும் மாதாந்தக் கொடுப்பனவொன்றை வழங்கி வருகின்றது. நட்டஈட்டுப் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததும், ‘உம்மிடம் பணம் இருக்கின்றது, இனி உமக்கு உதவி தேவையில்லை’ என்று கொடுப்பனவு நிறுத்தப்படுமாயின், அந்த நட்டஈட்டினால் அவர் கண்ட பயன் என்ன? சில ஆண்டுகளில் பணம் கரைந்துவிடும். இழந்த கால் திரும்பி வரப்போவதில்லை.

இது கற்பனைக் கேள்வியல்ல. சமூகநலத்தில் முன்னோடிகள் எனப் பெயர் பெற்ற நாடுகளே இதற்கு விடை காண்பதில் தடுமாறியுள்ளன. எமது உறவுகள் பெருந்தொகையினராக வாழும் பிரித்தானியாவின் அனுபவம் இவ்விடயத்தில் கவனத்திற்குரியதாகும்.

அங்கு வழங்கப்படும் உதவிகள் இருவகைப்பட்டவை. இயலாமையின் அளவை மாத்திரம் நோக்கி வழங்கப்படும் கொடுப்பனவுகள் ஒருவகை. எவ்வளவு நட்டஈடு கிடைத்தாலும் அவை தொடரும். யுனிவர்சல் கிரெடிட் போன்றவை மற்றைய வகை. இவை சொத்தையும் வருமானத்தையும் கணக்கிட்டே வழங்கப்படுகின்றன. சேமிப்பு 16,000 பவுணைத் தாண்டினால் இந்த உதவி கிடையாது. 6,000 பவுணுக்கும் 16,000 பவுணுக்கும் இடைப்பட்டிருந்தால், மேலதிகமான ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் வருமானம் வருவதாகக் கருதி உதவித்தொகை குறைக்கப்படும். 2006ஆம் ஆண்டின் பின்னர் இந்த எல்லைகள் உயர்த்தப்படவில்லை.

இந்தப் பொறியிலிருந்து மீள்வதற்குச் சட்டமே ஒரு வழியையும் வைத்திருக்கின்றது. உடற்காயத்திற்காகக் கிடைத்த பணம் ஓராண்டு வரை கணக்கில் எடுக்கப்படமாட்டாது. அதற்குள் அப்பணத்தை நம்பிக்கைப் பொறுப்பொன்றில் வைப்பிலிட்டால், அது அங்கிருக்கும் காலம் முழுவதும் சேமிப்பாகக் கருதப்படமாட்டாது. ஆலயத் தர்மகர்த்தா சபையையும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையையும் அறிந்த எமது மக்களுக்கு இந்த ஏற்பாடு புதியதல்ல. பொறுப்பாளர்கள் பணத்தை நிர்வகிப்பர். பயன் காயமுற்றவருக்கே உரியது. இது பணத்தை மறைக்கும் தந்திரமுமல்ல. நட்டஈடு கிடைத்ததையும் அது எங்கு வைப்பிலிடப்பட்டுள்ளது என்பதையும் அதிகாரிகளுக்கு அறிவித்தே ஆகவேண்டும்.

ஒரே இழப்புக்கு இருமுறை பணம் பெறலாமா என்று கேட்போர் உளர். அக்கேள்விக்கு 1997ஆம் ஆண்டின் சட்டம் பதிலளித்துள்ளது. காயத்தின் காரணமாக அரசு வழங்கிய கொடுப்பனவுகளை, அதிகபட்சம் ஐந்தாண்டு காலத்துக்கு, நட்டஈடு செலுத்தும் தரப்பிடமிருந்து அரசு மீளப் பெறுகின்றது. அத்தரப்பு அதனை வருமான இழப்பு, பராமரிப்புச் செலவு, நடமாட்ட இழப்பு ஆகியவற்றுக்கான தொகைகளிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வலிக்கும் வேதனைக்கும் வழங்கப்பட்ட தொகையில் கைவைக்க முடியாது. கடந்தகாலக் கணக்கு இவ்வாறு தீர்க்கப்பட்ட பின்னர், எதிர்கால வாழ்வுக்கான பணத்தைக் காட்டி உதவியையும் நிறுத்துவது நியாயமாகாது.

அமெரிக்காவின் நிலை இதனிலும் கடுமையானது. வறிய மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டாட்சி உதவியைப் பெறும் தனிநபர் 2,000 டொலருக்கு மேல் வைத்திருக்க இயலாது. 1989ஆம் ஆண்டு முதல் அந்த எல்லை அசையவில்லை. நட்டஈட்டைப் பாதுகாக்கும் விசேட நம்பிக்கைப் பொறுப்புக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஆயினும், மனத்தெளிவுள்ள மாற்றுத்திறனாளி ஒருவர் அதனைத் தாமாகவே ஏற்படுத்தும் உரிமை 2016 டிசம்பரிலேயே கிடைத்தது. அதுவரை பெற்றோரோ, பாட்டன் பாட்டியரோ, பாதுகாவலரோ, நீதிமன்றமோ அவர் சார்பில் செயற்பட வேண்டியிருந்தது.

இத்தகைய பாதுகாப்புகளின் பெருங்குறை யாதெனில், அறிந்தவருக்கு மட்டுமே அவை பயன்படுகின்றன. எமது குடும்பங்களில் பணம் ஒருவருடையதாக இருப்பதில்லை. நட்டஈடு கிடைத்ததும் தங்கையின் திருமணத்திற்கு ஒரு பகுதி, ஊரில் வீடு கட்ட ஒரு பகுதி என உண்டியல் வழியாக அனுப்பிவிடுவது வழமை. பாசத்தினால் செய்யப்படும் இக்காரியம் சட்டத்தின் கண்களில் வேறாகத் தோன்றலாம். உதவி பெறும் நோக்குடனேயே பணம் கைமாற்றப்பட்டது என அதிகாரிகள் தீர்மானித்தால், இல்லாத பணமும் இருப்பதாகவே கணக்கிடப்படும். ஊரில் வாங்கிய காணியும் சொத்தாகக் கொள்ளப்படலாம். ஆதலால் நட்டஈட்டு உடன்பாட்டில் ஒப்பமிடும் முன்னரே இவ்விடயத்தைச் சட்டத்தரணியிடம் கேட்டறிவது அவசியமாகும்.

இனி எமது நாட்டை நோக்குவோம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஏனைய அதிகாரிகளும் இழப்பீடு செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். பாதிக்கப்பட்டோருக்காக அப்பணம் இழப்பீட்டுக்கான அலுவலகத்தினூடாக வழங்கப்படவேண்டும் எனவும் கட்டளையிடப்பட்டது. கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் காயமுற்றோருள் வாழ்நாள் முழுவதும் இயலாமையைச் சுமப்போர் உளர். போரில் அவயவங்களை இழந்தோரோ வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பேர். 2018ஆம் ஆண்டின் சட்டத்தினால் அந்த அலுவலகம் உருவாக்கப்பட்டது இவ்வாறானோருக்காகவே.

மறுபுறம், 2023இல் ஆரம்பிக்கப்பட்ட அஸ்வெசும நலன்புரித் திட்டம் குடும்பங்களைத் தெரிவு செய்கையில் சொத்தையும் வீட்டின் நிலையையும் அளவுகோல்களாகக் கொள்கின்றது. இழப்பீட்டுப் பணத்தில் ஒழுகும் கூரையை மாற்றி, சக்கர நாற்காலி செல்லத்தக்கதாக நிலத்துக்குச் சீமெந்து இட்ட குடும்பம், கணக்கெடுக்க வரும் உத்தியோகத்தருக்கு வசதி படைத்த குடும்பமாகத் தோன்றலாம். அவ்வாறு நேருமாயின் நீதிமன்றம் கொடுத்ததைப் படிவம் பறித்துவிடும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. போதிய வாழ்க்கைத் தரத்துக்கும் சமூகப் பாதுகாப்புக்குமான உரிமையை அதன் 28ஆம் உறுப்புரை வலியுறுத்துகின்றது. அந்த வாக்குறுதியைக் காப்பதற்குப் பெருநிதி தேவையில்லை. உடற்காயத்திற்காக வழங்கப்படும் இழப்பீடும், அதனைக் கொண்டு இயலாமைக்கு ஏற்ப வீட்டில் செய்யப்படும் மாற்றங்களும் நலன்புரி மதிப்பீட்டில் சேர்க்கப்படலாகாது என்ற தெளிவான ஏற்பாடு ஒன்றே போதுமானது. மேன்முறையீட்டுக்காகப் பிரதேச செயலகப் படிகளில் ஏற இயலாதோரை அங்கு அலைக்கழிக்காதிருக்க, அரசாங்கம் அந்த ஏற்பாட்டை இப்பொழுதே செய்தல் வேண்டும்.