‘ஆம்’ என்ற விடை போதுமா?

கமுந்திங் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் சிலர், முதியோருக்கான மருந்துப் பெட்டி ஒன்றை வடிவமைப்பதாகக் கொள்வோம். “பெட்டியைத் திறப்பது எளிதாக உள்ளதா?” என்று அவர்கள் கேள்விப்பாரத்தில் கேட்கின்றனர். ரப்பர்த் தோட்டத்தில் பல்லாண்டு பால்மரம் சீவிய பாட்டி ஒருவர், பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்று ‘ஆம்’ எனக் குறிக்கிறார். மருந்து உண்ணும் வேளையில் அவரருகே அமர்ந்து பார்த்தால்தான், காப்புக் காய்த்த விரல்களால் மூடியைத் திறக்க இயலாமல் அவர் பல்லால் கடித்து இழுப்பது தெரியவரும்.

பயனீட்டாளரின் தேவையை அறிய இருவகை வழிகள் உள்ளன. கேள்விப்பாரம், திட்டமிட்ட நேர்காணல், புள்ளிவிவரம் ஆகியவை முறைசார்ந்தவை. உடனிருந்து உற்றுநோக்குவதும் பேச்சுவாக்கில் கேட்டறிவதும் முறைசாராதவை. பாரம் நிரம்பிவிட்டால் ஆய்வு முடிந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணமாகும்.

இதற்குத் தமிழகத்தில் தக்க சான்று உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், 1998ஆம் ஆண்டில் மலிவு விலையில் மாதவிடாய் அணையாடை தயாரிக்க முயன்றார். வீட்டுப் பெண்கள் கருத்துக் கூறக் கூச்சப்பட்டனர். எனவே, மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் அணையாடைகளையும் கருத்துப் பாரங்களையும் கொடுத்தார். அவற்றைத் திரும்பப் பெறச் சென்றபோது, ஒரு சிலரே எல்லாருடைய பாரங்களையும் நிரப்பிக்கொண்டிருப்பதைக் கண்டார். அதன்பின், ஆட்டு இரத்தம் நிரப்பிய காற்பந்தின் உட்பையை உடலில் கட்டி, அணையாடையைத் தாமே அணிந்து நடந்தார், மிதிவண்டியும் ஓட்டினார். பெண்கள் படும் அவதியை அப்போதுதான் ஓரளவு உணர்ந்தார். பல ஆண்டுகள் முயன்று, அணையாடை தயாரிக்கும் எளிய இயந்திரத்தை உருவாக்கினார். 2016ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அப்படியானால், கேள்விப்பாரம் வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும். ஓர் ஆடவர் தம் உடலில் சோதித்தது எல்லாப் பெண்களின் அனுபவமும் ஆகிவிடாது. ஒரு பாட்டியின் சிரமமும் எல்லா முதியோரின் சிரமம் ஆகாது. எத்தனை பேருக்கு அத்தொல்லை உண்டு என்பதை எண்ணிக் காட்டப் பாரமே உதவும்.

ஆகவே, முதலில் பயனீட்டாளரோடு அமர வேண்டும். பிறகுதான் பாரத்தை நீட்ட வேண்டும். பாட்டியின் அருகில் அமர்ந்து பார்த்த மாணவர், “எளிதாக உள்ளதா?” என்று மீண்டும் கேட்கமாட்டார். “நேற்று மூடியைத் திறக்க யாரையேனும் உதவிக்கு அழைத்தீர்களா?” என்றே கேட்பார். முகதாட்சண்யத்திற்காக ‘ஆம்’ என்று சொல்ல அக்கேள்வியில் இடமில்லை. நல்ல கேள்வி பிறந்தால்தான், பாட்டி ஒரு வேளை மருந்தையும் தவறவிடாத பெட்டி உருவாகும்.