குடும்பப் பகுதி: மின்னஞ்சலில் படம் அனுப்புதல்

பிழைப்பின் பொருட்டு மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கும், ஊரில் இருக்கும் பெரியோர்க்கும் உறவு அறாமல் காத்து வந்தது கடிதம். இன்று அதன் இடத்தை மின்னஞ்சலும் கைபேசியும் எடுத்துக்கொண்டன. குழந்தைக்குக் காது குத்தினோம், பெண் பட்டம் பெற்றாள் என்று எழுதினால் மட்டும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மனம் நிறைவதில்லை. “படம் எங்கே?” என்றுதான் கேட்கிறார்கள். அப்படத்தை அவர்கள் கண்குளிரக் காணுமாறு அனுப்புவது எங்ஙனம் என்பதை இத்திங்கள் சிந்திப்போம்.

தொடக்க காலத்து மின்னஞ்சல் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமந்து சென்றது. 1992-ஆம் ஆண்டில் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் என்னும் அமெரிக்கர் இருவர் ‘மைம்’ என்ற விதிமுறையை வகுத்தனர். படமும் ஒலியும் மட்டுமல்ல, தமிழ் போன்ற பிற மொழி எழுத்துகளும் அஞ்சலிற் செல்ல வழி திறந்தது அவ்விதிமுறையே. அஞ்சலில் படம் எதற்கு என்று வினவியவர்களிடம், பிற்காலத்தில் தமக்குப் பேரக்குழந்தைகள் பிறந்தால் அவர்களுடைய படங்கள் தமக்கு வந்து சேரவேண்டும் என்று போரன்ஸ்டைன் விடை கூறினாராம். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இவ்விடையின் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

படத்தை அஞ்சலில் ஏற்றும்போது அதனை எழுத்துகளாக மாற்றியே அனுப்புகிறார்கள். மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாகின்றன. ஆகவே 3 மெகாபைட் உள்ள படம் வழியில் 4 மெகாபைட் சுமையாகிறது. இக்காலத்துக் கைபேசியில் 12 மெகாபிக்ஸல் அளவில் எடுத்த படம் ஒன்றில், அகலத்தில் 4000, உயரத்தில் 3000 என்று புள்ளிகள் அமைந்திருக்கும். அத்தகைய படங்கள் பத்தினை ஒரே அஞ்சலில் சேர்த்தால் என்னாகும்? ஜிமெயிலில் இணைப்புகளின் மொத்த அளவு 25 மெகாபைட்டுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் படத்தை ‘டிரைவ்’ என்னும் இணையக் கிடங்கில் வைத்து, அதற்குரிய சுட்டியை மட்டும் அனுப்பிவிடும். சுட்டியைத் தொட்டுத் திறக்கப் பழகாத முதியவர்க்கு அது பூட்டிய பெட்டி போன்றதே.

ஆதலால் படத்தைச் சிறிதாக்குவது நன்று. ஆனால் சிறிதாகத் தோன்றச் செய்வது வேறு, உண்மையிலேயே சிறிதாக்குவது வேறு. மடலின் நடுவே படத்தை வைத்து, அதன் மூலையைப் பிடித்து இழுத்தால் படம் சுருங்கக் காண்கிறோம். ஜிமெயிலில் படத்தைத் தொட்டவுடன் தோன்றும் சிறிய அளவு, பொருத்தமான அளவு, மூல அளவு என்பனவும் இத்தகையனவே. சட்டம் சிறுத்ததேயன்றிச் சரக்கு குறையவில்லை. அஞ்சலின் சுமை முன்போலவே இருக்கும்.

உண்மையில் குறைக்க வேண்டுமாயின், அனுப்புவதற்கு முன்பே புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் ‘பெயிண்ட்’ என்னும் செயலியில் படத்தைத் திறந்து, ‘ரீசைஸ்’ என்பதைத் தேர்ந்து, பிக்ஸல் அளவில் அகலத்தை 1600 எனக் குறிக்கலாம். நீள அகல விகிதம் மாறாதிருக்கும்படி உள்ள கட்டத்தில் குறியிட்டால், உயரம் தானாகவே 1200 ஆகிவிடும். முகங்கள் நீண்டோ அகன்றோ போகமாட்டா. 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் 19 லட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்துவிடும். திரையிற் காண இது தாராளமாகப் போதும். ஐபோனில் உள்ள அஞ்சல் செயலியோ, சிறியது, நடுத்தரம், பெரியது, மூல அளவு என்று தானே கேட்டு வேண்டியவாறு அனுப்பும்.

எந்த அளவு தக்கது என்பதைப் படத்தின் பயன் கொண்டே துணிய வேண்டும். தாத்தா பார்த்து மகிழ்வதற்கானால், சிறிதாக்கிய படங்கள் இரண்டு மூன்றினை மடலின் நடுவிலேயே வைத்து, ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது என்று ஒரு வரி எழுதுக. அச்சிட்டு வைப்பதற்கானால், மூலப்படத்தையே தனி இணைப்பாக அனுப்புக. 4 அங்குலம் 6 அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம், 1200க்கு 1800 புள்ளிகள் தேவை. சான்றிதழின் படிவமாயின், முதலில் சுற்றிலும் தெரியும் மேசையையும் தரையையும் வெட்டி நீக்குக. எழுத்துக்கு ஊறின்றிச் சுமை குறையும். பின்னர் அனுப்புமுன் படத்தைப் பெரிதாக்கி, மிகச் சிறிய எழுத்தும் முத்திரையும் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்க.

இவை யாவற்றினும் தலையாய விதி ஒன்றுண்டு. சிறிதாக்கிய படத்தை மூலப்படத்தின் மேலேயே சேமித்தல் ஆகாது; வேறு பெயரிட்டே சேமிக்க வேண்டும். பெரியதைச் சிறிதாக்கலாம், சிறிதானதிலிருந்து இழந்த புள்ளிகளை மீட்க இயலாது. வீட்டுப் பெரியவர் ஒருவர் மறைந்த பின், சுவரில் மாட்டி மாலையிடுவதற்கு நல்ல படம் ஒன்றைத் தேடும் நிலை எல்லாக் குடும்பங்களுக்கும் வருவதே. அந்நாளில் கைபேசி மாறியிருக்கும், கணினி பழுதாகியிருக்கும், உறவினர்களின் அஞ்சற் பெட்டிகளில் எஞ்சியிருப்பவை, அவசரத்தில் சுருக்கி அனுப்பிய படங்களாகவே இருக்கும். அவற்றைப் பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் கட்டங்கட்டமாகக் கலைந்து, அன்புமுகம் அடையாளம் இழந்து நிற்கும்.

ஆகவே, விடுமுறைக்கு ஊருக்குச் சென்று பெற்றோருடன் படம் எடுத்துக்கொள்ளும் அன்பர்கள், திரும்பியதும் மூலப்படங்களை இரண்டு இடங்களிலாவது பத்திரப்படுத்துக. சுமையற்ற படி ஒன்றைப் பெற்றோர்க்கு அன்றே அனுப்புக. அவர்கள் இன்று கண்டு மகிழ்வதற்குச் சிறு படி போதும். நம் பிள்ளைகள் நாளை அவர்களைக் கண்டு அறிவதற்கு மூலம் வேண்டும்.