தோலுக்கு இடமுண்டு, ஆளுக்கு?



மார்கழி வந்துட்டா சென்னை இசை நகரமாகி விடுகிறது என்று பத்திரிகைகள் எழுதும். எந்தச் சென்னை? மியூசிக் அகாதெமி, நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ். மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் வரைக்கும் ஒரு கோடு போட்டா அதுக்குள்ள அடங்கிப்போற சென்னை. வியாசர்பாடி அதில் இல்லை. கள்ளக்குறிச்சியைக் கேட்கவே வேணாம்.

சபா வெறும் கட்டடம் இல்லை. யார் பாடுறது, யார் கேக்கிறது, யார் தலையாட்டுறது என்பதெல்லாம் அங்கே கதவு திறக்கும் முன்பே தீர்மானமாகி விடுகிறது. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாதெமி. 1962இல் இப்போதைய அரங்கம் எழுந்தது. அங்கே தெலுங்கும் சமஸ்கிருதமும் கோலோச்ச, தமிழ்ப் பாட்டு துக்கடாவானது. அதனால்தான் 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றி, பிறகு அண்ணாமலை மன்றத்தையும் கட்டினார்கள். தமிழுக்கே தனிக் கட்டடம் தேவைப்பட்ட ஊரில் பறைக்கு யார் கதவைத் திறப்பாங்க? தமிழிசை பேசிய பெரியவர்களும் தேவாரத்தைத் தேடிப் போனார்களே தவிர சேரிப் பக்கம் திரும்பவில்லை.

ஆனா சேரி உள்ளே போகாமலும் இல்லை. தோலாகப் போயிருக்கிறது. மாட்டுத் தோலும் எருமைத் தோலும் ஆட்டுத் தோலும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அந்தத் தோலைப் பார்த்து வாங்கி, ஊறவைத்து, இழுத்துக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், தலித் கிறித்தவர்கள். வாசிக்கிறவர் பெயர் நோட்டீசில் வரும். கட்டினவர் பெயர் எங்கே வருது? இதை டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதினார். 2020 பிப்ரவரியில் அதை வெளியிடக் கலாக்ஷேத்ரா அரங்கம் கொடுத்த அனுமதியைக் கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. மாட்டுத் தோல் மேடையேறலாம், மாட்டுத் தோல் பற்றிய புத்தகம் ஏறக்கூடாது. தீட்டின் தர்க்கம் இப்படித்தான் வேலை செய்கிறது.

இசைக்கு இடம் மறுப்பதும், ஆளை விட்டுவிட்டு இசையை மட்டும் எடுத்துக்கொள்வதும் நம்மூர்ச் சரக்கு மட்டுமல்ல. நியூ ஆர்லியன்சில் அடிமைப்பட்ட கறுப்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி முரசடித்து ஆட அனுமதிக்கப்பட்ட இடம் காங்கோ சதுக்கம். ஜாஸின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. பிறகு நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் டியூக் எலிங்டன் வாசித்தார், கேட்க உட்கார்ந்தவர்கள் வெள்ளையர்கள். 1960இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவின் போக்கை எதிர்த்து சார்லஸ் மிங்கஸும் மேக்ஸ் ரோச்சும் அதே ஊரில், கிளிஃப் வாக் மேனர் என்ற விடுதியில், போட்டி விழாவே நடத்தினார்கள். மிங்கஸ் நம்ம ஆளுதான்.

இங்கேயும் அசைவு இருக்கிறது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவே அரங்கமானது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. பறையும் கானாவும் ஒப்பாரியும் மார்கழிக்குள்ளேயே நுழைந்தன. இதை நான் வரவேற்கிறேன். மார்கழி யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த மாசமில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி. சென்னை மேடையில் கைதட்டு வாங்குகிற அதே பறைக்கு, கள்ளக்குறிச்சிப் பக்கம் எது அரங்கம்? சாவு வீடு, சுடுகாட்டுப் பாதை, கோயிலுக்கு வெளியே ஓர் ஓரம். கூத்துக்காவது களரி உண்டு. கூவாகத்தில் சித்திரை மாசம் கூத்தாண்டவருக்காக ஊரே அரங்கமாகிறது. பறைக்கு நிற்கிற இடத்தை இன்னமும் ஊர்தான் சொல்லுது. 'அங்கேயே நின்னு அடிடா' என்ற குரலை நம்மில் கேட்காதவர் யார்? கல்வராயன் மலையிலோ 1976 வரைக்கும் ஜாகிர்தார்களின் ஆட்சி. ஜாகிர்தாருக்கு வெட்டி வேலை செய்து கிடந்த மலையாளிப் பழங்குடிகளின் ஆட்டத்தையும் அரசு விழா வந்தால்தான் கூப்பிடுகிறார்கள், அமைச்சர் வரும் வழியில் வரவேற்க.

நகரம் நம்ம ஊர்ப் பெயரைச் சாவுச் செய்தியாகத்தான் கேட்டது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது எல்லாக் காமிராவும் வந்தது. வாழுற சத்தத்தைக் கேட்க எந்தக் காமிராவும் வரலை.

பறையே அடிமைச் சின்னம், தூக்கிப் போடு என்று சொல்கிற தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுப்பது அவர்கள் உரிமை. மறுத்தவர்களுக்கு ஊர் என்ன கொடுத்தது என்பதும் தெரியும். ஆனால் கட்டாயத்தை எறிவதும் கருவியை எறிவதும் ஒன்றில்லை.

சென்னையிலிருந்து அழைப்பு வந்தால் நம் பசங்க போகட்டும். போகுமுன் நாலு விஷயம் கேட்கட்டும். பாடகருக்குத் தருகிற அதே மாதிரி சம்பளம் உண்டா? நோட்டீசில் குழுவின் பெயர் மட்டுமா, அடிக்கிறவர் ஒவ்வொருவர் பெயருமா? கருவி கட்டினவருக்கு மேடையில் நாற்காலி உண்டா? மேடைக்குப் பின்னால் உட்கார அறையா, நடைபாதையா? வெட்கப்படாமல் கேளுங்க.

அதோடு, சென்னையில் அடித்த நிகழ்ச்சியை அப்படியே இங்கே ஊர்த் தெருவில் நடத்தக் கேட்போம். காலனிக்குள்ளே ஆதிதிராவிடர் நலத்துறை கட்டின சமுதாயக் கூடத்தில் இல்லை, ஊர்த் தெருவில், ஊர் மந்தையில். மைக் செட்டுக்கு நாமே வசூல் பண்ணிக்கலாம். அனுமதி மனுவை எந்த ஊரிலிருந்து முதலில் கொடுக்கலாம் என்று எழுதுங்கள்.