கர்ப்பத்துக்கு எஜமானர் யார்?

கர்ப்பத்தைக் கலைப்பது மகா பாபமென்றும், கொலைக்குச் சமானமென்றும், ஆகையால் அதை யாதொரு காரணத்துக்கும் இடமில்லாமல் சட்டத்தால் அடியோடு தடுத்துவிட வேண்டுமென்றும் உலகத்தில் பல தேசங்களில் மதத்தலைவர்களும், மந்திரிகளும், ஒழுக்கத்தைக் காக்கவே பிறந்தவர்கள் போல் நடிக்கும் கனவான்களும் ஓயாமல் கூச்சல் போட்டு வருகின்றார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பத்து மாதம் சுமக்கப் போகிறவர்களும் அல்ல. பிரசவ வேதனையில் ஒரு ராத்திரியாவது கிடக்கப் போகிறவர்களும் அல்ல. இப்படிப்பட்டவர்கள் செய்யும் சட்டத்தின் யோக்கியதையை அறிவதற்கு நாம் வேதத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அச்சட்டத்தை நடத்திப் பார்த்த தேசங்களின் இடுகாட்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

ருமேனியாவின் அனுபவம்

முதலில் ஐரோப்பாவிலுள்ள ருமேனியா தேசத்தை எடுத்துக்கொள்வோம். இதை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அங்கு அச்சட்டத்தைச் செய்தவர்கள் பாதிரிகள் அல்ல. கடவுளை ஒப்புக்கொள்ளாத பொதுவுடைமைக் கட்சியார். ஆகவே "இது மதத்தினால் வந்த கெடுதி மாத்திரமே" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க நம்மவர்களுக்கும் அங்கு இடமில்லை.

1957 முதல் அந்நாட்டுப் பெண்கள், தாங்கள் விரும்பினால் ஆஸ்பத்திரிக்குச் சென்று கர்ப்பத்தைக் கலைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுத்திருந்தது. தலைவர் சௌஷெஸ்குவுக்கு ஜனத்தொகை போதவில்லை. தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும், தேசத்துக்குப் பெருமை வேண்டும் என்று எண்ணி, 1966 அக்டோபரில் 770-ஆம் நெம்பர் உத்தரவைப் பிறப்பித்தார். 45 வயதைத் தாண்டியவர்கள், நாலு பிள்ளை பெற்றவர்கள், உயிருக்கு ஆபத்துள்ளவர்கள், பலாத்காரத்தால் கர்ப்பமானவர்கள் முதலிய சிலர் தவிர மற்றப் பெண்களுக்கெல்லாம் கர்ப்பச் சிதைவு குற்றமாக்கப்பட்டது. கர்ப்பத் தடைச் சாதனங்களும் கிடைக்காமல் செய்யப்பட்டன. 25 வயதுக்கு மேற்பட்டும் பிள்ளையில்லாதவர்கள்மீது வரியும் விதிக்கப்பட்டது.

பலன் என்ன? 1966-இல் சுமார் 2,73,000 குழந்தைகள் பிறந்த தேசத்தில் 1967-இல் சுமார் 5,27,000 குழந்தைகள் பிறந்தன. சர்க்கார் மார்தட்டிக்கொண்டது. ஆனால் அந்த மார்தட்டல் நீடிக்கவில்லை. பிறப்பு விகிதம் சில வருஷங்களிலேயே இறங்கத் தொடங்கி, 1980-களில் பழைய நிலைமைக்கே வந்து சேர்ந்தது. எப்படி இறங்கிற்று? பெண்களெல்லாம் சந்நியாசம் வாங்கிக்கொண்டார்களா? இல்லை. ஆஸ்பத்திரியின் வாசல் அடைபட்டவுடன் கொல்லைப்புற வழி திறந்தது. டாக்டர் செய்ய வேண்டிய காரியத்தை, வைத்தியம் அறியாதவர்களும், சில சமயம் அப்பெண்களே தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டும் செய்தார்கள். அதனால் கர்ப்பப்பை ஓட்டைபட்டது. உதிரம் நிற்காமல் போயிற்று. சீழ் பிடித்து ரத்தம் விஷமாயிற்று. செத்தவர்கள் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் ஆயுள் முழுதும் நோயாளிகளாகவும், மலடிகளாகவும் ஆனார்கள். பிள்ளை வேண்டுமென்று செய்த சட்டம் பிள்ளை பெறக்கூடிய பெண்களை மலடாக்கிற்று என்றால் அதன் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

அதோடு நின்றதா? தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களை வரிசையாக நிறுத்தி, கர்ப்பமா இல்லையா என்று டாக்டர்களைக் கொண்டு பரிசோதிக்கச் செய்தார்கள். ஆஸ்பத்திரிகளில் போலீசார் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம் சொட்டச் சொட்ட வந்து விழுந்த பெண்ணிடம், "யார் செய்தது? பேரைச் சொல், பிறகு வைத்தியம்" என்று விசாரணை நடத்தினார்கள். டாக்டரின் கையில் மருந்து. போலீஸ்காரன் கையில் காகிதம். நடுவில் சாகிற பெண்!

இந்த 23 வருஷத்தில் இவ்விதம் மாண்ட பெண்கள் 9,000-க்கு மேற்பட்டவர்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. 1989-இல் அத்தேசத்தில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 150-க்கு மேற்பட்ட தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஐரோப்பாவிலேயே இவ்வளவு அதிகமான சாவு வேறெங்கும் இல்லை. அச்சாவுகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை கர்ப்பச் சிதைவினால் ஏற்பட்டவை.

1989 டிசம்பரில் சௌஷெஸ்கு வீழ்ந்தார். டிசம்பர் 26-ஆம் தேதியே அவ்வுத்தரவு ரத்து செய்யப்பட்டது. அடுத்த ஒரே வருஷத்தில் தாய்மார் மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. இதற்காகப் புதிய மருந்து கண்டுபிடித்தார்களா? புதிய ஆஸ்பத்திரிகள் கட்டினார்களா? ஒன்றுமில்லை. ஒரு காகிதத்தைக் கிழித்தெறிந்தார்கள், அவ்வளவுதான்! அப்படியானால் அதுவரை அப்பெண்களைக் கொன்றது வியாதியா, அந்தக் காகிதமா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

அச்சட்டத்தின் பயனாகப் பிறந்த குழந்தைகளின் கதி என்ன என்றும் பார்க்க வேண்டும். 1990-இல் உலகத்தார் அந்நாட்டுக்குள் சென்று பார்த்தபோது, பெற்றவர்களால் வளர்க்க முடியாமல் விடப்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகள்வரை சர்க்கார் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். கருவாயிருந்தபோது அவ்வளவு கவலைப்பட்ட சர்க்காருக்கு, அது குழந்தையாய் அழுதபோது காது கேட்கவில்லை.

அயர்லாந்தின் "புண்ணிய பூமி"

நிற்க, கடவுள் பேரால் இதே காரியத்தைச் செய்த நாட்டையும் பார்ப்போம். கத்தோலிக்க மதத்தின் செல்வாக்கு மிகுந்த அயர்லாந்தில் 1861-ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டமே கர்ப்பச் சிதைவைக் குற்றமாக்கியிருந்தது. அதுவும் போதாதென்று 1983-இல், கருவின் உயிரும் தாயின் உயிரும் சம உரிமையுள்ளவை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 1992-இல், பலாத்காரத்தால் கர்ப்பமான 14 வயதுச் சிறுமி ஒருத்தி வைத்தியத்துக்காக இங்கிலாந்து போவதைச் சர்க்கார் கோர்ட்டு உத்தரவு வாங்கித் தடுத்தது. அவள் தற்கொலை செய்துகொள்ளக்கூடும் என்று காட்டிய பிறகே உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. அதாவது, சாகத் தயாராயிருப்பதாக மெய்ப்பித்தால்தான் அந்நாட்டில் ஒரு பெண்ணுக்கு வாழ உரிமை!

2012 அக்டோபர் 21-ஆம் தேதி, கர்நாடகத்திலிருந்து அங்கு போய்ப் பல் வைத்தியராயிருந்த 31 வயதுள்ள சவிதா ஹலப்பனவர் என்னும் அம்மையார், 17 வாரக் கர்ப்பத்துடன் கால்வே நகர ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கரு தங்காது என்பதை டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். "தங்காதென்றால் எடுத்துவிடுங்கள்" என்று அம்மையாரும் அவர் கணவரும் கேட்டார்கள். கருவுக்கு இதயத் துடிப்பு இருக்கிறது, ஆகையால் சட்டம் இடங்கொடாது என்றார்கள். இது கத்தோலிக்க நாடு என்ற பேச்சும் அங்கு நடந்ததென்று பின்னால் நடந்த விசாரணையில் ஒப்புக்கொள்ளப்பட்டது. துடிப்பு நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் அம்மையாரின் ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது. கருவும் போயிற்று, 28-ஆம் தேதி தாயும் போனார்.

வைத்தியத்தில் கவனக்குறைவும் இருந்தது என்று சிலர் சொல்லுகிறார்கள். இருந்தது, அதுவும் விசாரணையில் வெளிவந்தது. ஆனால் அதே விசாரணையில், முதல் இரண்டொரு நாளிலேயே கருவை எடுத்திருந்தால் அவர் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்றும், அப்போது எடுப்பதற்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை என்றும் பிரசவ வைத்திய நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார். இதற்கு மேல் என்ன ருஜு வேண்டும்?

அந்தச் சாவு அயர்லாந்து மக்களின் கண்ணைத் திறந்தது. 2018 மே 25-ஆம் தேதி நடந்த ஓட்டெடுப்பில் நூற்றுக்கு 66 பேருக்கு மேல் அந்த விதியை ஒழிக்க ஓட்டுக் கொடுத்தார்கள். பாதிரிகளின் பேச்சையே வேதவாக்காகக் கொண்டிருந்த தேசம் புத்தியின் பக்கம் திரும்பிற்று. இதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

"உயிருக்கு ஆபத்தென்றால் விலக்கு உண்டே?"

சட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் பெரிய சமாதானம் இதுதான். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். நடைமுறையில் என்ன ஆகிறது? ஆபத்து எவ்வளவு முற்றினால் கை வைக்கலாம் என்று சட்டப் புத்தகத்தில் அளவு போட்டிருக்கிறதா? முந்திச் செய்தால் டாக்டருக்கு ஜெயில். பிந்திச் செய்தால் பெண்ணுக்குச் சுடுகாடு. இவ்விரண்டில் எதை டாக்டர் தேடிக்கொள்வார்? போலந்தில் 2020 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம் தடையை இறுக்கிற்று. 2021 செப்டம்பரில் ப்ஷ்சினா என்ற ஊரில் 30 வயதுப் பெண் ஒருத்தி, பனிக்குடம் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தும், கருவின் துடிப்பு நிற்கட்டும் என்று டாக்டர்கள் காத்திருந்ததால் அயர்லாந்தில் நடந்தது போலவே ரத்தம் விஷமாகி மாண்டாள். தேசம் வேறு, பாஷை வேறு, சாவு ஒன்றே!

எல் சால்வடோர் என்னும் நாட்டிலோ 1998 முதல் எவ்வித விலக்குமே கிடையாது. தானாகக் கரு சிதைந்த பெண்களும் கொலைக் குற்றவாளிகளாக ஜெயிலுக்குப் போனார்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான, எழுத்தறியாத ஏழைக் கிராமத்துப் பெண் ஒருத்திக்கு 2008-இல் 30 வருஷம் தண்டனை விதித்தார்கள். தக்க வைத்தியமின்றி 2010-இல் அவள் புற்றுநோயால் மாண்டாள். 2021-இல்தான் அமெரிக்க நாடுகளின் மனித உரிமைக் கோர்ட்டு, அந்நாட்டுச் சர்க்கார் செய்தது அநியாயம் என்று தீர்ப்புக் கூறிற்று. செத்துப் பதினோரு வருஷம் கழித்து வந்த நியாயம்!

சாகிறவர்கள் யார்?

இச்சட்டத்தால் பணக்காரப் பெண்கள் சாவது அபூர்வம். அயர்லாந்தில் கப்பல் கூலிக்கும் டாக்டர் கூலிக்கும் பணம் உள்ளவர்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள். 1980-க்குப் பிறகு அவ்விதம் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். ருமேனியாவிலும் கைநிறையக் கொடுக்க முடிந்தவர்களுக்கு டாக்டர் கிடைத்தார். அமெரிக்காவில் 1973 முதல் இருந்த உரிமையை 2022 ஜூன் 24-இல் உச்ச நீதிமன்றம் பறித்த பிறகு, தடைசெய்த மாகாணத்திலிருந்து தடையில்லாத மாகாணத்துக்குப் போக வழியுள்ளவர்கள் போகின்றார்கள், வழியற்றவர்கள் அகப்பட்டுக்கொள்கின்றார்கள். ஆகவே இது கர்ப்பச் சிதைவைத் தடுக்கும் சட்டமல்ல. ஏழைக்கு வைத்தியத்தைத் தடுக்கும் சட்டம்.

"கரு உயிரில்லையா?" என்று கேட்கலாம். அதில் உண்மையான கவலை உள்ளவர்கள் செய்யவேண்டிய வேலை வேறு. வேண்டாத கர்ப்பம் உண்டாகாமலிருக்கக் கர்ப்பத் தடை முறைகளை எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுக்கட்டும், இலவசமாய்க் கொடுக்கட்டும், பெற்றவளுக்குச் சோறும் வேலையும் கிடைக்க வழி செய்யட்டும். தடை போடுவதால் கர்ப்பச் சிதைவு குறைவதில்லை என்றும், அது ஆபத்தானதாகத்தான் மாறுகிறது என்றும் உலகச் சுகாதார ஸ்தாபனமே சொல்லுகிறது. அப்படியிருந்தும் கர்ப்பத் தடையையும் கூடாதென்று, கலைப்பதையும் கூடாதென்று சொல்லுகிறவர்களுக்கு வேண்டியது குழந்தையின் உயிரா, பெண்ணின் அடிமைத்தனமா?

நம் நாட்டில் 1860-ஆம் வருஷத்து வெள்ளைக்காரர் தண்டனைச் சட்டம் இதைக் குற்றமாக்கியிருந்தும், 1971-இல் தனிச் சட்டம் வந்து கதவைத் திறந்தது. சவிதா அம்மையார் தாம் பிறந்த நாட்டிலேயே இருந்திருந்தால் அவர் கேட்டதைச் சட்டம் மறுத்திராது. இதற்காக நாம் இறுமாந்துவிடக் கூடாது. இங்கும் கடைசி முடிவு டாக்டரின் அபிப்பிராயத்தைப் பொறுத்ததே தவிர, பெண்ணின் சொல்லைப் பொறுத்ததல்ல. கிராமத்துப் பெண்ணுக்கு அச்சட்டம் இருப்பது தெரியாது; தெரிந்தாலும் ஊராரின் வாய்க்குப் பயந்து மருத்துவச்சி வீட்டுக்கு இருட்டில் போகின்றாள். சட்டம் செய்யாத கொலையை வெட்கம் செய்கிறது.

ஆகவே தோழர்களே! பெண்ணின் கர்ப்பத்துக்குப் பாதிரி எஜமானராயிருந்தால் என்ன, புரோகிதர் எஜமானராயிருந்தால் என்ன, புருஷன் எஜமானராயிருந்தால் என்ன, பொதுவுடைமை பேசும் சர்க்கார் எஜமானராயிருந்தால் என்ன? அவளுக்குக் கிடைப்பது ஒரே சாவுதான். அடுத்தவர் உடைமையாயிருப்பவருக்குத் தம் உயிரும் சொந்தமல்ல. உங்கள் வீட்டுப் பெண்களுக்கு இச்சட்டத்தைச் சொல்லுங்கள். கர்ப்பத் தடையைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுங்கள். ஆஸ்பத்திரிக்குப் பகலில், தலை நிமிர்ந்து அழைத்துப் போங்கள். கர்ப்பம் யாருடைய உடம்பில் இருக்கிறதோ அவரே அதற்கு எஜமானர் என்று ஒப்புக்கொள்ளாத ஒழுக்கமும், மதமும், தேசபக்தியும் பெண்களைக் கொன்று தின்னும் பூதங்களே என்பது நமது அபிப்பிராயம்.