காவல் கூலி எவ்வளவு?

மறதி நோய் கண்ட தாயாரைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்தால் மாதம் என்ன கொடுப்பீர்கள் என்று அறந்தாங்கிப் பக்கத்து வீட்டு எஜமானர் ஒருவரைக் கேட்டால், "மருமகள் இருக்கிறாளே, கூலி எதற்கு?" என்பார். அதே எஜமானர் தாயார் செத்தபின் கருமாதிக்கும் திதிக்கும் கடன் வாங்கியாவது செலவழிப்பார். அங்கே பேரம் கிடையாது!

மருமகளோ இரவெல்லாம் விழித்து, தெருவுக்கு ஓடும் கிழவியை அழைத்து வந்து, மலமூத்திரம் அள்ளி, நடவுக் கூலியையும் இழக்கிறாள். அந்தக் கூலிதான் எஜமானர் இன்று கொடுத்துவரும் விலை. தம் மடியிலிருந்து போகாததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

இது மூளை கெடும் நோய். பேயுமல்ல, பூர்வஜன்ம பாபமுமல்ல. இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல் இந்நோய் உண்டென்று 2023ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது.

பெற்றோரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை என்கிறது 2007ம் வருஷத்துச் சட்டம். கைவிடாமல் காப்பவளுக்கு என்ன என்பதை அதில் காணோம். 2021ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று சர்க்கரை நோய் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்த சர்க்கார், வாரம் இரண்டு நாள் பழக்கப்பட்ட ஓர் ஆளையும் அனுப்பட்டும் என்றே நாம் கேட்கிறோம். அதுவரை, கருமாதிக்கென்று முடிந்து வைத்த பணத்தை இப்போதே அவிழுங்கள்.