தளத்துக்குக் கீழே ஒரு குழி

தில்லியில் வீட்டைத் தெருப்பக்கமாக நீட்டிக் கட்டுவோர் பலர், பாதாளச் சாக்கடையின் ஆளிறங்கு குழியையும் தளத்துக்குள் அடக்கிவிடுகின்றனர். அதன்மேல் கார் நிற்கிறது. அடைப்பு நேரும்போது இயந்திரத்தின் குழாய்க்கு அங்கே வழியில்லை. தரையைப் பெயர்த்து ஒரு தொழிலாளியை இறக்குகிறார்கள். பெரும்பாலும் அவர் தலித், ஒப்பந்தக் கூலி. பாதுகாப்புக் கருவியின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஓர் உயிருக்கு 10 லட்சம் ரூபாய் என 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகைதான் உயர்ந்தது; சாவு நிற்கவில்லை.

மொழிபெயர்ப்பாளனாகிய என்னை ஒரு சொல் உறுத்துகிறது. ‘ஆக்கிரமிப்பு’ என்று வந்தாலே நம் கண்முன் குடிசைதான் நிற்கிறது, மாடிவீட்டின் முகப்பு அன்று. புல்டோசரும் அப்படித்தான் பொருள் கொள்கிறது. மாற்றிடம் தராமல் குடிசைகளை இடிப்பதை எதிர்த்து நாம் நிற்பது சரியே. ஆயினும் குழியை மூடி எழும் சுவருக்கு, அது தோழர் ஒருவரின் வீடே ஆயினும், நாம் பரிந்து பேசலாகாது. மூடிய குழிகளைக் கணக்கெடுத்துத் திறக்குமாறு குடிநீர் வாரியத்திடம் கோரும் மனுவில், துப்புரவுத் தொழிலாளரோடு குடியிருப்போரும் கையெழுத்திட வேண்டும். முதல் கையெழுத்தை நம் கிளைத் தோழர்கள் இடட்டும்.